கம்ப்ரஷன் எழுபது

“நீங்கதான் இதக் கெடுத்தது.”

மழைக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். பம்ப்செட் ஒன்றுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்த ஜெபசுதா நிமிர்ந்தாள். கடை வாசலில் ஒருவன்... தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மரம் அறுக்கும் மெஷின் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். பேச்சில் இருந்த கோபம் அவன் கண்களில் இல்லை. பல நாள் உறங்காத கண்கள்.

பாலிடெக்னிக் முடித்து, சாத்தான்குளத்தில் சின்ன இஞ்சின்களுக்கென்று அவள் கடை போட்டு நான்கு வருடமாகிறது. பொம்பளப்புள்ள என்ன ரிப்பேர் பார்க்கும் என்று சிரித்தவர்களே இப்போது தேடி வருகிறார்கள். அந்தப் பெயரை எடுக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

“பெரியதாழைலருந்து வாரேன். பேரு ஜெனோ. போன மாசம் எங்க அண்ணன் இங்கன வந்து இதுக்குப் புது பிஸ்டன் போட்டுட்டுப் போனாரு. பதினஞ்சே நாளு... மரம் அறுக்கும்போதே நின்னுட்டு.”

“உக்காருங்க. ஒங்க கண்ணு முன்னாலயே பாத்துருவோம்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கத கட்டப்போறீங்களா?”

“தெரியாதுன்னா கேளுங்க, சொல்லுதேன். கத கேக்கணும்னா வேற கடைக்குப் போங்க.”

அவன் உட்கார்ந்தான்.

அவள் ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்தாள். நல்ல இஞ்சின் என்றால் கையைப் பிடித்து எதிர்க்கும். இது எந்த முரண்டும் பண்ணாமல் வந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டரைத் திருகி, கயிற்றை ஐந்தாறு முறை வேகமாக இழுத்தாள். முள் எழுபதில் நின்றது.

“நூத்தம்பது காட்டணும். கம்ப்ரஷன், உள்ள இருக்க வேண்டிய காத்தழுத்தம், பாதிகூட இல்ல.”

பிளக் ஓட்டை வழியே நாலு சொட்டு ஆயில் விட்டு மறுபடி இழுத்தாள். முள் நூற்றுப்பத்துக்கு ஏறியது. அவன் தன்னையறியாமல் பக்கத்தில் வந்து குனிந்தான். அவன் சட்டையில் உப்பும் மழையும் கலந்த வாசனை... அவள் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள்.

“ஆயில் விட்டதும் ஏறுது பாத்தீங்களா? அப்போ லீக்கு பிஸ்டன் ரிங்கு பக்கம்.”

சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தாள். உள்ளே பிஸ்டனின் முகத்தில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் சும்மா சொல்ல மனம் வரவில்லை. டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் காகிதத்தில் விட்டாள். அது விரிந்தது... காய்ந்தது. எண்ணெய்க் கறை எதுவும் மிஞ்சவில்லை.

“இதுல ஆயில் கலக்கல. வெறும் பெட்ரோல். இந்த மெஷினுக்குப் பெட்ரோல்லயே ஆயில் கலந்துதான் ஊத்தணும். பிஸ்டன் காய்ஞ்சு உரசியிருக்கு. யாரு ஊத்துனது?”

அவன் குனிந்து அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

“நாந்தான்.”

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். புயல் மழையன்று மதினிக்கு ஒன்பதாம் மாதத்தில் ரத்தப்போக்கு. ஆம்புலன்ஸை மறித்துப் பெரிய வேப்பமரம் ரோட்டில் விழுந்து கிடந்தது. ஆயில் கலந்து வைத்திருந்தது தீர்ந்துபோக, பைக்கிலிருந்து பெட்ரோலை உருவி ஊற்றினான். இருபது நிமிடம் ஓடிய மெஷின் கடைசித் துண்டில் நின்றது. மிச்சத்தை அரிவாளால் வெட்டிக் கயிறு கட்டி இழுக்க முக்கால் மணி நேரம். மதினி பிழைத்தாள். குழந்தை இல்லை.

“ஊருல என்ன சொன்னீங்க?” என்றாள் ஜெபசுதா.

“ரிப்பேரு சரியில்லன்னு... எல்லாரும் சொல்லும்போது வாய மூடிட்டு இருந்தேன்.”

அவள் முகம் இறுகியது. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்றான் அவன். “ஆயில் கலந்திருந்தா நின்னுருக்காதா?”

பொய் சொல்லியிருக்கலாம்.

“நின்னுருக்காது.”

அவன் தலையசைத்துவிட்டு, மெஷினை அங்கேயே விட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

அதன்பிறகு பத்து நாள் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. கோபம் மூன்றாம் நாளே போய்விட்டது. போன பிறகுதான் தெரிந்தது, தான் சொன்னது உண்மையில் பாதிதான் என்று. மெஷினுக்கு வேறு சிலிண்டரும் பிஸ்டனும் போட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பெரியதாழை பஸ் ஏறினாள்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்த ஜெனோ வீட்டு வாசலில் வெளிறிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள் அவன் மதினி. மெஷினைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

“ஒங்கடைலருந்து வந்த அன்னைக்கே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான், தப்பு என்னுதுதான், அந்தப் பிள்ளைய யாரும் பேசாதீங்கன்னு. அவங்க அண்ணன் இன்னும் அவங்கூடப் பேசல. பேசுவாரு...” நிறுத்தி, மூச்சு வாங்கினாள். “ஏளா, மனசத் தேத்திக்கோன்னு நான் சொன்னா அவனுக்கு ஏறல. நீ சொல்லு.”

கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் அவன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

“நான் பாதிதான் சொன்னேன்” என்றாள் அவள். “ஆயில் இருந்திருந்தா நின்னுருக்காது. ஆனா அன்னைக்கு ஆயில் இல்ல. அந்தப் பெட்ரோலையும் ஊத்தலேன்னா அந்த இருவது நிமிசமும் இல்ல. ஒங்க மதினியும் இல்ல.”

அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் நிறைந்தன. துடைத்துக்கொள்ளவில்லை.

“அதுவரைக்கும் எம்மேல தப்பில்லன்னுதான் எல்லாரும் சொன்னாங்க” என்றான் கடைசியில். “நீங்க ஒருத்திதான் முகத்தப் பாத்து உண்மையச் சொன்னீங்க. அன்னைக்குத்தான் நல்லா உறங்குனேன். ஒங்கள எப்படித் திரும்பப் பாக்கன்னுதான் தெரியல...”

“இன்னொரு உண்மையும் இருக்கு.” அவள் குரல் தணிந்தது. “இந்தப் பத்து நாளும் மழ வரும்போதெல்லாம்... வாசலப் பாத்துக்கிட்டேதான் வேல செஞ்சேன்.”

அலை வந்து போனது. அவன் திரும்பி, முதன்முறையாக அவள் கண்களை நேராகப் பார்த்தான்.

“நாலு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறுக்குத்தான்” என்றான்.

“விட்டுருவோம்” என்றாள் ஜெபசுதா.