சும்மா இருந்தால் பேசும் அறை

காலை வெயிலில் அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தவனுக்கு, மூன்றாவது கதவைத் தாண்டியதும் ராத்திரி ஆகிவிட்டது. ஒலிப்பதிவுக்கூடம் என்றால் அப்படித்தான். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. உள்ளே ஆள் செத்தாலும் வெளியே தெரியாது. இரண்டாவது விஷயத்தை அவனுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

தொழிலில் அவனுக்குக் 'காது' என்று பெயர். வசனத்துக்கு நடுவே நடிகை எச்சில் விழுங்கினால்கூடக் கண்டுபிடித்து வெட்டிவிடுகிற ஒலிப்பதிவாளன். இங்கே வேற்றுமொழித் தொடர்களுக்குக் குரல் மாற்றும் வேலை. திரையில் யாரோ வாயசைப்பார்கள். அந்த அசைவுக்கு அளவெடுத்து வார்த்தை தைக்க வேண்டும்.

முதலாளி தோளில் கை போட்டுச் சுற்றிக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் அறை, இந்தப் பக்கம் கருவிகள், நடுவே ஒரு பழைய சுழல் நாற்காலி.

"பழைய இடத்துல வாங்கினதையே இப்போதைக்கு வாங்கிக்க. மூணு மாசம் ஓடட்டும். அப்புறம் ரெண்டு மடங்கு."

"எழுத்துல ஏதாவது இருந்தா நல்லாருக்கும்ணே."

முதலாளியின் முகம் வாடிவிட்டது. பெற்ற பிள்ளை ரசீது கேட்டால் வாடுமே, அந்த மாதிரி. "குடும்பத்துக்குள்ள பத்திரமா எழுதிப்பாங்க? என் வாய்தான் பத்திரம்."

அவர் போனதும் காது அந்த நாற்காலியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தான். புது வீட்டு அட்வான்சுக்காக அவளுடைய சங்கிலி அடகுக்கடையில் இருந்தது. பழைய வேலையையும், முதலாளி முன்பே போனில் சொல்லியிருந்த இந்த இரண்டு மடங்கை நம்பித்தான் விட்டிருந்தான்.

"மூணு மாசத்துல உன் சங்கிலி உன் கழுத்துல இருக்கும். சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். தேதி சொல்லு."

"மூணு மாசம்னு சொன்னேன்ல."

போனை வைத்தான். சங்கதி ஒன்றைக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்ட ஆள் மாதிரி அறை அமைதியாக இருந்தது.

வரவேற்பையும் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிற அக்கா காபி கொண்டுவந்தாள். இரண்டு வேலை, ஒரு சம்பளம். நாற்காலியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடி இதுல சித்தப்பா இருந்தார். எல்லாரும் அவரைச் சித்தப்பான்னுதான் கூப்பிடுவோம். எப்பவும் வாயில கிராம்பு போட்டு மென்னுட்டே இருப்பார். இதுலயே போய்ச் சேர்ந்துட்டார்."

"இதுலயா?"

"காலையில போயிருக்கார். ஹெட்போன் மாட்டியிருந்ததால வேலை பாக்கறார்னு நினைச்சுட்டோம். முதலாளிகூட ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டு, மனுஷன் என்ன கவனமா உழைக்கறார் பாருன்னு சொல்லிட்டுப் போனார்."

காது மெதுவாக நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"அவருக்கும் மூணு மாசம்னுதான் சொன்னார் முதலாளி," என்றாள் அக்கா.

"எத்தனை வருஷம் இருந்தார்?"

"அந்த மூணு மாசம் முடியவே இல்ல தம்பி." காலி தம்ளரை வாங்கிக்கொண்டு கதவருகே நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும். ரூம் டோன் எடுக்காத. சும்மா விட்டா அந்த ரூம் பேசும்."

ரூம் டோன் என்பது வெற்று அறையின் சத்தம். ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் யாரும் மூச்சுகூட விடாமல் ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்வார்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அதை வைத்து அடைப்பார்கள். தொழில் தெரிந்தவன் அதை எடுக்காமல் இருக்க மாட்டான். காது எடுத்தான்.

ஹெட்போனை மாட்டி மைக் அறையின் ஒலியைக் கூட்டினான். முதலில் வயர்களின் மெல்லிய இரைச்சல். பிறகு அதற்கும் அடியில், நிதானமாக, ஒரு மூச்சு.

கண்ணாடி வழியே பார்த்தான். மைக் அறை காலி.

சூடேறிய கருவிகளின் வாடையோடு இன்னொன்று கலந்து வந்தது.

கிராம்பு.

ஹெட்போனுக்குள், மிக அருகில், பணிவாக ஒரு குரல்: "எப்போண்ணே?"

பதிவை அழித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினான். பேய் இருக்கிற இடத்தில் வேலை பார்ப்பதா என்று யோசித்தான். சங்கிலி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான். அதற்கப்புறம் அவன் ரூம் டோன் எடுக்கவே இல்லை. ஓட்டைகளைப் பழைய மழைச் சத்தத்தால் அடைத்தான். அந்தத் தொடரில் கல்யாணம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் தூறிக்கொண்டே இருந்தது.

மூன்று மாதம் போய், நான்காவது மாதச் சம்பளமும் பழைய கணக்கிலேயே வந்தது. முதலாளி கருவி அறைக்கு வந்தபோது கேட்டுவிட்டான்.

"ரெண்டு மடங்கா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் எப்போ சொன்னேன்?"

"இதே இடத்துல நின்னுதாண்ணே சொன்னீங்க."

"யாராவது கேட்டாங்களா? சாட்சி இருக்கா?" சிரித்தபடியே மைக் அறைக்குள் போனார். "சரி, மைக்கைப் போடு. நம்ம விளம்பரத்துக்கு நானே குரல் கொடுக்கறேன். ஒரே வரிதான். 'சொன்ன சொல் தவறாத நிறுவனம்.'"

பஞ்சுக் கதவு மூடிக்கொண்டது. காது விசைகள் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மைக் அறைக்குள் கேட்கும்படி பேசுவதற்கான பொத்தானை அழுத்தினான்.

"அண்ணே, முதல்ல ஒரு நிமிஷம் ரூம் டோன் எடுத்துக்கறேன். அசையாம நில்லுங்க."

முதலாளி நின்றார்.

அறை அடங்கியது.

வயர் இரைச்சல். மூச்சு. கிராம்பு.

அப்புறம் ஒலிபெருக்கியில் முதலாளியின் குரலே வந்தது. "மூணு மாசம் ஓடட்டும், அப்புறம் ரெண்டு மடங்கு." அது காதுக்குச் சொன்னது. "தீபம் மாதிரி நீ வந்திருக்கம்மா, கணக்கையும் பாத்துக்க, தனியா போட்டுத் தர்றேன்." அது அக்காவுக்கு. "சித்தப்பா, உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? அடுத்த மாசம்." அடுத்த மாசம். அடுத்த மாசம். அடுத்த மாசம். இளமையான குரலில் தொடங்கி, மாசாமாசம் கிழடு தட்டிக்கொண்டே வந்தது.

காது நிமிர்ந்து பார்த்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு வார்த்தைக்கும் கச்சிதமாக. இவ்வளவு பொருத்தமான வாயசைப்பை அவன் தொழிலிலேயே பார்த்ததில்லை. கண்கள் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து மூடப் பார்த்தார். விரல்களைத் தள்ளிக்கொண்டு உதடுகள் திறந்தன.

காது ஒலியை முழுக்கக் குறைத்தான். குரல் குறையவில்லை. கருவிகளுக்கு வரும் மின்சாரத்தையே அணைத்தான். அப்போதும் குறையவில்லை.

குரல் தானாகத்தான் நின்றது.

"எப்போண்ணே?" என்றது அந்தப் பணிவான குரல்.

முதலாளி பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை.

காது போய்க் கூப்பிட்டதும் அக்கா ஓடிவந்துதான் அவரைக் கைத்தாங்கலாக வெளியே உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். தொண்டையில் காற்று மட்டும் வந்துபோனது. பேனா வேண்டும் என்று சைகை காட்டினார். பயந்த மனுஷன், கடைசியில் எழுத்திலாவது கொடுக்கப்போகிறார் என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். கோணல் மாணலாக எழுதி நீட்டினார்.

'அடுத்த மாசம்.'

அக்கா அதை வாங்கிப் படித்தாள். "கையெழுத்துப் போடுங்க முதலாளி."

போடவில்லை. வண்டி வரவழைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

காது தன் பையை எடுக்கக் கருவி அறைக்குத் திரும்பினான். இனி இங்கே வரப்போவதில்லை. பையைத் தோளில் மாட்டும்போது போன் அடித்தது. மனைவி.

"கடைக்காரர் கூப்பிட்டார். இந்த மாசமும் வட்டி கட்டலைன்னா சங்கிலி ஏலத்துக்குப் போயிடுமாம். மூணு மாசம்னு சொன்னியே. எப்போ?"

 இந்த அறையில் எதுவும் சொல்லக் கூடாது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

மின்சாரம் இல்லாத மேஜையில், ஒலி அளவு காட்டும் முள் மெல்ல எழுந்தது.

"அடுத்த மாசம் கண்டிப்பா," என்றது ஒலிபெருக்கி, அவன் குரலில்.

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கடித்திருந்த பல் விலகி, உதடுகள் அசைந்து முடிந்திருந்தன.

நாக்கில் கிராம்பு காரமாக இருந்தது.