தெரு நடுவில் நின்ற மாங்கிளை

தெரு நடுவில் நின்ற மாங்கிளை காலையில் இருந்ததைவிடக் குட்டையாகத் தெரிந்தது.

நூரிஸ் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். புதிதாக வருகிறவர்கள், தார்ச்சாலையில் மரம் முளைத்திருக்கிறதே என்று திகைத்துப் போவார்கள். விஷயம் ஒன்றுமில்லை. பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியை யாரோ பழைய இரும்புக்குப் போடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி எதுவும் விழுந்துவிடக் கூடாதென்று அவள் கணவன் எவாரிஸ்தோ குழிக்குள் ஒரு கிளையைச் செருகி வைத்தான். கொலம்பியாவின் இந்தப் பாரங்கில்யா நகரத்தில் எல்லாத் தெருவிலும் நடப்பதுதான்.

ஆனால் இது இறங்கிக்கொண்டே இருந்தது. இதற்கு முன் வைத்த கிளை முழுசாக உள்ளே போய்விட்டது. அதற்கு முந்தையதும்.

நகராட்சிக்குப் புகார் சொல்லிப் போன் செய்தே அவளுக்கு அலுத்துவிட்டது. "ஆள் வருவாங்கம்மா" என்பாள் மறுமுனையில் ஒருத்தி, கொட்டாவிக்கு நடுவே. வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் பார்த்தாள்.

"மழைத்தண்ணி இழுத்துட்டுப் போகுது. உனக்குத் தைக்கத் துணியே இல்லையா?" என்று சிரித்தாள் எதிர்வீட்டு ஒடாலிஸ்.

"மழையே பெய்யலியேக்கா."

"அப்ப எலி."

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் நேரம். மின்சாரம் போய், மின்விசிறிகளெல்லாம் நின்று, மீன் பொரித்த எண்ணெய் வாடையோடு சாக்கடையின் புளித்த ஈரமும் வெக்கையில் கலந்து ஜன்னலுக்குள் ஏறிக்கொண்டிருந்தபோது, சிமென்ட் விளிம்பில் மரப்பட்டை உரசும் சத்தம் அவளுக்குக் கேட்டது. காற்றில்லை. இலைகள் நடுங்கின.

"எவா, எந்திரி. அது நகருது."

எவாரிஸ்தோ ஊஞ்சல் படுக்கையிலிருந்து எழுந்து நீலச் சட்டையை மாட்டிக்கொண்டான். "ஒரு கிளைக்காக மனுசன் தூக்கத்தக் கெடுக்குற. இதப் புடுங்கிட்டு வேற நடறேன். அப்பவாவது பேசாம இருப்பியா?"

அவனோடு அவளும் போனாள். கிளை அசையவில்லை. அவன் திட்டிக்கொண்டே குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டான். சட்டென்று திட்டு நின்றது.

"என்ன?"

"கத்தாத." குரல் தணிந்திருந்தது. "கையப் பிடிச்சிருக்கு. இறுக்கியெல்லாம் பிடிக்கல. விரல ஒவ்வொண்ணாத் தடவிப் பாக்குது."

அவள் அவன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். அவன் உடம்பு எதிர்ப்பக்கம் நழுவியது. அவசரமே இல்லாமல். தோள். தலை.

ஒடாலிஸின் கதவுக்கு ஓடி இரண்டு கையாலும் அடித்தாள். "அக்கா, வாங்க. அவர இழுக்குது."

உள்ளே கட்டில் முனகியது. "மறுபடியும் அந்தக் கிளையா? தூங்க விடு தாயி."

அடுத்த கதவு. அதற்கடுத்தது. ஒருவரும் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. ஒரு மாதமாக இதையே கேட்டுச் சலித்த கதவுகள்.

திரும்பினாள்.

கிளை இல்லை. அவன் இல்லை. குழியிலிருந்து ஒரு கை நேராக மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நீலச் சட்டைக் கை. ஐந்து விரலும் விரிந்து.

முனையில் பஸ் ஒன்று திரும்பியது. டிரைவர் கையைப் பார்த்தார். ஒருமுறை ஹாரன் அடித்தார். வண்டியை ஓரமாக ஒடித்து, அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

விரல்கள் மெல்ல அசைந்தன.