நாங்கு நட்ட கரை

மழைக்கு முன்னால் இடுப்புயரம் இருந்த நாங்கு மரக் கன்று, இப்போது ஷம்னாவின் முழங்காலைத்தான் தொட்டது. யாரும் ஒடிக்கவில்லை. நுனிக் கொழுந்து அப்படியே இருந்தது. பன்றி கிளறிய தடமும் இல்லை.

போடிமெட்டுக்குக் கீழே, அத்தா விட்டுப்போன ஏலத்தோட்டத்தில், ஓடையின் இரு கரைகளையும் காட்டு மரங்களுக்கென்று தம்பியிடம் மல்லுக்கட்டி வாங்கியிருந்தாள். உண்ணிப் புதரை வெட்டிக் கை கிழிந்ததுதான் மிச்சம். மரம் வந்தால் தவளை வரும், நீர்நாய் வரும் என்று பேசிய பேச்சு அவளுக்கே புளித்துவிட்டது.

"வளருதா, தேயுதாக்கா?" மேலே ஜீப்பிலிருந்து ஃபயாஸ் குரல் கொடுத்தான். "நாளைக்கு ஆளுக வர்றாக. கரையிலயும் ஏல நாத்துதான். மழை முடியுறதுக்குள்ள கன்னு வளரலன்னா விட்டுத்தர்றேன்னு நீ பேசுனபடி."

"லோடை எறக்கிட்டு வா. பேசிக்கலாம்."

"பேச என்ன இருக்கு? காட்டுறதுக்குச் செடியாவது இருக்கணும்ல."

ஜீப்பு போனது. மலையிலிருந்து வழிந்த பனி ஓடையை மூட, ஏலக்காயின் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை, நெடுநாள் மூடிக்கிடந்த பாத்திரத்தைத் திறந்தாற்போல் எழுந்து, அவள் தொண்டையில் தங்கியது.

சளக். சளக்.

தண்ணீர்ச் சத்தமில்லை. பக்கத்துக் கன்று ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. கன்றுக்குட்டி மடியைச் சப்புவது போல மண் அதை உறிஞ்சியது.

பயத்தைவிட எரிச்சல் முந்திக்கொண்டது. இரண்டு கையாலும் தண்டைப் பிடித்து, சேற்றில் காலூன்றி இழுத்தாள்.

"விட மாட்டேன்."

கன்று நின்றது. பிறகு மெல்ல உயர்ந்தது. இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. கரை நெடுக எல்லாக் கன்றுகளும் எழுந்தன. ஷம்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொழுந்து அவள் மூக்கை உரசியது.

கால் மரத்திருந்தது.

குனிந்து பார்த்தாள்.

கால் இல்லை. இடுப்புவரை மண்.

சளக்.

மார்பு. கழுத்து.

மேலே ஜீப்பு வந்து நின்றது.

"அக்கா, செடியெல்லாம் ஆள் உசரம் நிக்குது." ஃபயாஸின் குரலில் முதன்முறையாக மரியாதை. "சரி, நீயே செயிச்சிட்ட. நாத்து வேணாம். எங்க இருக்க?"

வாயைத் திறந்தாள். மண்.

கண்களுக்கு நேரே, கரையின் விளிம்பில், காற்றே இல்லாமல் புதுத் துளிர்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ரத்தச் சிவப்பில்.