தம்பி எடுத்த குப்பி

காலை மணி 7.10. மருந்துச் சோதனைப் பிரிவின் குளிர்பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பூட்டை யாரோ நெம்பி உடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு குப்பிகூட மிச்சமில்லை.

மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய்க்கான புது மருந்து அது. பலிக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் வேறு மருந்தே கிடையாது. வராந்தாவில் சக்கர நாற்காலிகளோடு காத்திருந்த குடும்பங்களில் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. இலவசமாக வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்கள் சத்தம் போட்டால் மறுமுறை கூப்பிட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் பெரிய டாக்டர் முந்திக்கொண்டார்.

"திருடன் யாருன்னு எனக்கே தெரியும் மேடம். அந்த மெக்கானிக் பையன். நேத்து என் ரூம்ல வந்து கத்தினான்."

"எதுக்கு?"

"அவன் அக்காவுக்கு ஊசியை நிறுத்தப் போறேன்னு சொன்னேன். முன்னேற்றம் இல்லை."

"எல்லாருக்கும் அசல் மருந்துதானா? சோதனைன்னா பாதிப் பேருக்குச் சும்மா தண்ணியைப் போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"சே சே! இங்க அந்த வேலையே இல்லை. எல்லாருக்கும் அசல்தான். மருந்துப் பெட்டி வந்தா நானே பிரிச்சு நானே அடுக்குவேன். வேற ஒருத்தரையும் தொட விடமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் குளிர்பெட்டியின் கதவைப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'குலுக்கக் கூடாது. நுரைத்துக் கெட்டுவிடும்.'

"நிஜமாவே நுரைக்குமா சிஸ்டர்?"

"ஐயோ, ஆமா மேடம்," என்றாள் நர்ஸ். "முதல் பெட்டி வந்தப்போ ஒரு குப்பி கை தவறி உருண்டுச்சு. சோப்புத் தண்ணி மாதிரி பொங்கிடுச்சு. டாக்டர் வாங்குவாங்குன்னு வாங்கிட்டார். அதுக்கப்புறம் பச்சைக் குழந்தையைத் தூக்குற மாதிரிதான் தூக்குறோம். இன்னிக்குன்னு பார்த்து இப்படி ஆகணுமா? மருந்துக் கம்பெனிக்காரங்க வேற வர்றாங்க, குப்பி எடுத்துச் சோதிக்க."

அதற்குள் ஏட்டு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். வேலைச் சட்டையில் கிரீஸ். மார்போடு அணைத்திருந்த துணிப் பொட்டலத்துக்குள் ஒரே ஒரு குப்பி. மூடியில் சீல் பிரியவில்லை.

"கையும் களவுமா!" என்றார் டாக்டர்.

"எங்கே எடுத்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து சாயங்காலம் தட்டுல இருந்துச்சு மேடம். சிஸ்டர் திரும்பின நேரம் எடுத்துட்டேன்."

"மத்ததெல்லாம்?"

"சத்தியமா தெரியாது. பூட்டையெல்லாம் நான் உடைக்கலை. நிறுத்திட்டா அக்கா செத்துடும் மேடம். என்னைப் படிக்க வெச்சுப் பார்த்தது, நான்தான் உருப்படலை. ஜெயில்ல போடுங்க. இந்த ஒண்ணை மட்டும் அதுக்குப் போட்டுடுங்க."

"பைக்லயா கொண்டுபோனே?"

"நடந்தே போனேன். ஆடிடுமேன்னு."

இன்ஸ்பெக்டர் குப்பியை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, முழு பலத்தோடு குலுக்கினார்.

"மேடம்!" நர்ஸ் அலறினாள். மெக்கானிக் பாய்ந்துவந்து இன்ஸ்பெக்டரின் கையையே பிடித்துவிட்டான். "அது அக்காவோடது மேடம்!"

டாக்டர் மட்டும் அசையவில்லை. அவர் முகத்தில் வேர்த்திருந்தது.

"எல்லாரும் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

நாலைந்து குமிழ்கள் மேலே வந்தன, உடைந்தன. குப்பி தெளிந்து நின்றது. நுரை இல்லை.

"இது மருந்தில்லை. தண்ணி. சீல் பிரியலை, அதனால பையன் மாத்தலை; தண்ணியை அடைச்சு சீல் வெச்சேதான் அடுக்கியிருக்கு. பெட்டியைப் பிரிச்சு அடுக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்க வாயாலயே சொன்னீங்க. இன்னிக்குச் சோதிச்சா எல்லாக் குப்பியிலயும் தண்ணின்னு தெரிஞ்சுடும். அதான் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டு, கத்தின பையன் தலையில கட்டிட்டீங்க. அவன் முந்தியே ஒண்ணு எடுத்தது உங்களுக்குத் தெரியாமப் போச்சு. அசல் மருந்து எங்கே போச்சு?"

"அளவாத்தான் வந்துச்சு மேடம்." டாக்டரின் குரல் இறங்கியது. "வெளியில சில பெரிய இடத்துக் குடும்பங்கள் கேட்டாங்க. இவங்களை நான் வெறுங்கையோட அனுப்பலையே. நம்பிக்கை கொடுத்தேன். அதுவும் ஒரு மருந்துதான்."

"அப்படியா? அந்த மருந்தைப் பெரிய இடத்துக்கு அனுப்பியிருக்கலாமே!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குலுக்காதே என்றதும் ஒருவரும் குலுக்கவில்லை. உயிரைப்போல ஏந்தினார்கள். அந்தப் பயபக்திக்குள்தான் டாக்டர் பத்திரமாக ஒளிந்திருந்தார்.

ஏட்டு டாக்டரின் தோளைத் தொட்டார். "நடங்க சார். மெதுவா வேணாம், நீங்க நுரைக்க மாட்டீங்க."

மெக்கானிக் அங்கேயே நின்றான். "மேடம், போன மாசம் அக்கா என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுச்சு. மருந்து வேலை செய்யுதுன்னு டாக்டர் சொன்னார். அப்போ அது?"

"அது உங்க அக்காவே கூப்பிட்டது," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுல அந்த ஆளுக்கு ஒரு பங்கும் கிடையாது."