அக்கா போட்ட கோடு

டீ குடிக்கப் போகும் முன் திரையில் கோட்டின் முனை மூளைக் கட்டியின் நடுவில்தான் நின்றது. திரும்பி வந்து பார்த்தால், ஓர் அரிசி அளவு தள்ளி நின்றது.

மௌஸில் கை பட்டிருக்கும் என்று அவள் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஸ்கேன் படங்களை அடுக்கி, மூளையைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக எழுப்பி, கத்தி போக வேண்டிய வழியைச் சிவப்புக் கோடாகப் போட்டுத் தருவது பதினோரு வருடமாக அவள் வேலை. இன்று திரையில் சுழல்வது சொந்தத் தம்பியின் மூளை. வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார்கள். மனசு கேட்கவில்லை. கட்டிக்குப் பக்கத்திலேயே பேச்சுக்கான இடம். கோடு பிசகினால் தம்பிக்குப் பேச்சு போய்விடும். கட்டியை விட்டுவைத்தால் தம்பியே இருக்க மாட்டான்.

"நேரா போடுக்கா," என்று காலையில் மொட்டைத் தலையோடு சிரித்தான். "நீ ஸ்கேல் வச்சாலே கோணலாத்தான் போகும்."

ஏசியின் இரைச்சல், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, வெளியே சக்கரப் படுக்கை ஒன்று கிரீச்சிட்டுப் போகும் சத்தம், எல்லாம் தினமும் உள்ளதுதான். கோட்டைச் சரிசெய்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். கட்டி மறுபடி விலகியிருந்தது. இது நேற்று எடுத்த படம். எடுத்த படம் எப்படி நகரும்? ஒன்பது முறை போட்டாள். ஒன்பது முறையும் போக்குக் காட்டியது.

சர்ஜன் போன் செய்தார். "மூணு மணிக்கு ஆபரேஷன். கோடு இன்னும் வரலையே?"

"டாக்டர், கட்டி நகருது."

"நேத்து தூங்கினீங்களா நீங்க?"

பத்தாவது முறை அதை ஏமாற்றிப் பார்த்தாள். பொய்யாக ஒரு கோட்டை ஆழத்தில் இழுத்தாள். கட்டி மேலே வந்து மண்டை ஓட்டை ஒட்டி ஒதுங்கியது. சட்டென்று அங்கே கோடு போட்டாள். அசையவில்லை. அனுப்பிவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். தம்பி பிழைத்துக்கொள்வான்.

பேச்சைச் சோதிக்க, அவனை விழிக்க வைத்தே அறுப்பார்கள். மூன்றரைக்குப் போன் வந்தது.

"திறந்தாச்சு," என்றார் சர்ஜன். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். தம்பிகிட்ட பேசுங்க."

"டேய், வலிக்குதா?"

"இல்லக்கா." நிதானமான குரல். "வெளியே வர இந்த வழி வேணும்னுதான் உன்னை அத்தனை சுத்து சுத்த விட்டேன்."

திரையைப் பார்த்தாள். கட்டி சிவப்புக் கோட்டின் மேல் இருந்தது. திறப்பை நோக்கி ஏறியது. பாதி. முக்கால்.

"டாக்டர், குனியாதீங்க. தள்ளி நில்லுங்க."

ஏதோ கருவி தரையில் விழுந்தது.

திரையில் மூளை சுத்தமாகச் சுழன்றது. கட்டி இல்லை. எங்குமே இல்லை.

"தம்பி? டேய்?"

யாரோ போனுக்கு மிக அருகில் மூச்சு விட்டார்கள்.

"கோணலே இல்லக்கா," என்றது சர்ஜனின் குரல்.