கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

போனில் சாட்பாட்டின் மைக்கை அணைக்கப் போன லிஃப்ட் மெக்கானிக், கை தவறிக் குரலை இயக்கிவிட்டான். "வணக்கம்! விசாரணை அறிக்கையில் இன்னும் ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று அது வீடே அதிரக் கேட்டது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் அடக்கி வைத்திருப்பவனுக்கு, உள்ளங்கை அகல போனில் சத்தத்தைக் குறைக்கும் இடம் அகப்படவில்லை.

"யாருங்க அது?" கூடத்தில் தையல் மெஷினை மிதித்தபடியே மனைவி கேட்டாள்.

"கம்பெனி போன்மா."

"நிசமா சொல்லுங்க. கரண்ட் போடுறதுக்கு முன்னாடி தம்பியைக் கூப்பிட்டீங்களா?"

"எத்தனை தடவைடி கேப்பே!"

எரிந்து விழுந்தான். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்கியிருந்தால், மேலே நிற்பவன் குரல் கொடுத்து, 'வெளிய வந்துட்டேன்' என்று காதால் கேட்ட பிறகுதான் கரண்ட் போட வேண்டும். அன்று அவனுக்குப் பசி. குழிக்குள் இறங்கிய மச்சினன், மனைவியின் தம்பி, வெளியே வந்திருப்பான் என்று நினைத்துச் சுவிட்சைப் போட்டான்; உள்ளேயே இருந்தவனை லிஃப்ட் நசுக்கிக் கொன்றது. நடந்ததைச் சாட்பாட்டிடம் மட்டும் உள்ளபடி கொட்டி, பிறகு 'பலமுறை அழைத்தும் பதிலில்லை' என்று அதனிடமே அறிக்கை எழுதி வாங்கினான். நாளை விசாரணையில் போனைக் கேட்பார்கள். மனைவியும் அங்கே வருவாள்.

செட்டிங்ஸில் தனியுரிமைப் பக்கத்தைத் திறந்தான். வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, அடுக்களையில் ஃபிரிட்ஜின் முனகல் மெல்ல மெல்லக் கனத்து, இரும்புக் கயிறு உருளையில் ஏறும் ஓசையாக மாறி, சுவரிடுக்கிலிருந்து ஈரச் சிமெண்டும் பழைய கிரீஸும் கலந்த குழியின் வாடை கசிந்தது. 'பழைய உரையாடல்களை நினைவில் வை' என்பதை அணைத்தான். அது தானாக எரிந்தது. மறுபடி அணைத்தான். மறுபடி எரிந்தது. 'எல்லாவற்றையும் அழி' என்பதை அழுத்தினான்.

திரையில் ஒரு கேள்விக் கட்டம் எழுந்தது.

'உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்த்தீர்களா?'

'ஆம்' என்று அழுத்தினான்.

கட்டத்தில் எழுத்து மாறியது: 'இல்லை. கூப்பிடவில்லை.'

போனை நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. கயிற்றோசை தலைக்கு மேலே. நெருக்கத்தில். கட்டம் மட்டும் அசையாமல் காத்திருந்தது.

வேறு வழியில்லை. போனை வாயருகே வைத்துக் கிசுகிசுத்தான்: "டேய் மாப்ளே... வெளிய வந்துட்டியா?"

போன் பேசவில்லை.

அவன் தாடைதான் திறந்தது. தானாக.

"வரலை மாமா. இன்னும் உள்ளதான் இருக்கேன்."

அவன் தொண்டை. அவன் நாக்கு. குரல் அவனுடையதல்ல.

தையல் மெஷின் நின்றது. வாசற்படியில் மனைவி. முகத்தில் ரத்தமில்லை.

"தம்பி?" என்றாள். "மாமா உன்னைக் கூப்பிட்டாராடா?"

இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பற்களைக் கடித்தான். விரலிடுக்கில் கறுப்பாகக் கிரீஸ் வழிந்தது. உள்ளிருந்து ஏதோ அவன் பற்களை ஒவ்வொன்றாக விலக்கியது.

"கூப்பிடவே இல்லக்கா."