எர்த் இல்லாத வீடு

காலையில் பல் விளக்கிய கையோடு தொம்மை இரும்புப் பீரோவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். கடற்காற்றில் துணியெல்லாம் பூஞ்சை பூத்துப்போகிறது, வெயில் காட்ட வேண்டும். துணியை மட்டும் எடுத்துப்போய் விரிப்பது பழைய காலத்து வேலை, மடிப்புக் கலைந்துவிடும். அதனால் பீரோவை இடது கக்கத்தில் இடுக்கி, வலது கையில் காப்பித் தம்ளரோடு, விசிலடித்தபடி படியேறுவார். எதிரே யாராவது சோபாவோடு இறங்கி வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார். மரியாதை தெரிந்த மனிதர்.

சுமைக்கலம் வந்த பிறகு தூத்துக்குடியில் எதுவுமே கனப்பதில்லை. சுமைக்கலம் என்பது அரசாங்கம் வைத்த பெயர். சனங்களுக்கு அது செல். விரல் பருமன்தான் இருக்கும். பொருளின் முதுகில் ஒரு பொந்து, அதற்குள் செல்லைப் போட்டுவிட்டால் பொருளின் எடையை அது குடித்துக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் கிரேன்களைக் கொக்குகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். கப்பலிலிருந்து இறங்கும் கொள்கலனுக்குக் கயிறு கட்டி ஒற்றை ஆள் கூட்டிக்கொண்டு போவார். காற்று பலமாக இருந்தால் கொள்கலன் அவரைக் கூட்டிக்கொண்டு போகும். தொம்மைக்கு அங்கேதான் உத்தியோகம். இரண்டு முறை திருச்செந்தூர் வரை போய்த் திரும்பியிருக்கிறார். அடுக்குமாடிகளில் லிஃப்டைக் கழற்றிவிட்டு அந்தக் குழியில் முருங்கை நட்டார்கள். அவரவர் மாடியில் கதவைத் திறந்து காய் பறித்துக்கொள்ளலாம்.

செல் எடை குடித்து நிரம்பிவிட்டால் சார்ஜரில் போட வேண்டும். உண்மையில் அங்கே ஒன்றும் ஏறுவதில்லை, குடித்தது இறங்கத்தான் செய்கிறது. வாய்ப்பழக்கம், சார்ஜ் போடுவது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொம்மையின் வீட்டில், நான்காவது மாடியில், அந்த வேலை அவர் மனைவி பிரகாசியுடையது. சாயங்காலமானால் கட்டில், பிரிட்ஜ், தண்ணீர் டிரம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் செல்லைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு சார்ஜர் பக்கத்தில் உட்காருவாள். நான்கு நான்காகப் போட்டு, பச்சை விளக்கு வரும்வரை பொத்தானை அமுக்கிப் பிடித்திருப்பாள்.

பிரகாசி ஒல்லி. கொடியில் சேலை காய்ந்தால் அவள்தான் நிற்கிறாள் என்று தொம்மை பேச்சுக் கொடுத்ததுண்டு. ஆனால் கொஞ்ச வருசமாக அவள் ஏறினால் ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்தது. கடற்கரை மணலில் அவள் நடந்துபோன தடங்களில் தண்ணீர் ஊறி, நண்டுகள் குடிவந்தன. டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, நன்றாக நடக்கச் சொன்னார்.

"சோத்தைக் கொறைட்டி," என்பார் தொம்மை. "என்னையப் பாரு. அம்பத்தஞ்சு வயசு. பஞ்சு மாதிரி திரியுதேன்."

"நீங்க குடுத்து வச்சவுக," என்பாள் பிரகாசி. அதற்கு மேல் பேசமாட்டாள். பேசவும் மூச்சு வேண்டுமே.

ஒருநாள் சார்ஜரிலிருந்து மரவள்ளிக்கிழங்கு சுடுகிற வாசனை வந்தது. தொட்டால் கொதித்தது. புதிது வாங்கலாம் என்று இருவரும் தங்கத்துரை அண்ணாச்சியின் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி வாடிக்கையாளர்களுக்கு ஸ்டூல் போட்டுத்தான் பேசுவார். பிரகாசி உட்கார்ந்ததும் ஸ்டூலின் அடியிலிருந்த செல் சிவப்பாக மினுக்கி, கீச்சென்று கத்தி அடங்கியது.

அண்ணாச்சி குனிந்து செல்லைப் பார்த்தார். பிறகு பிரகாசியைப் பார்த்தார்.

"வீட்டுல செல் மாத்துறது நீங்கதானாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"எத்தனாவது மாடி? எர்த் இருக்கா?"

"எர்த் எல்லாம் இருக்கு," என்றார் தொம்மை. "சுவத்துக்குள்ள பச்சை ஒயரு போவுதுல்லா."

"போவும். எங்க போவுதுன்னு யாராச்சும் பாத்தீங்களா? தரையில குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு அதுல எறக்கணும். பாதி கட்டடத்துல ஒயரு சுவத்துக்குள்ளயே முட்டி நிக்கி. எடை தரைக்குப் போவ வழியில்லன்னா என்ன செய்யும்? பொத்தானை யாரு அமுக்குதாவளோ அவங்க மேல எறங்கிரும்."

தொம்மை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். மூன்று வருசமாகியும் தேயாத செருப்பு.

"அப்ப நல்லதா ஒண்ணு காட்டும்," என்றார் கடைசியில். குரலில் காற்று இல்லை.

அண்ணாச்சி ஒரு பெட்டியை முன்னால் தள்ளினார். "இது சாதா. ஒங்க வீட்டுல இருக்கிறதுக்குத் தம்பி. வெலை கம்மி." அதை அவரே பின்னால் எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றைத் திறந்தார். "இது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பாக்கும். சூடேறாது, காலியானதும் தானா நின்னுக்கிடும். எர்த் இல்லன்னா, வீட்டுல எத்தனை பேரு இருக்காவளோ அத்தனை பேருக்கும் சரிசமமாப் பிரிச்சிரும்."

"அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கிறது?"

"அதுதான் எல்லாத்துக்கும் மேல. அறிவு சார்ஜரு. வீட்டுல உள்ளவங்களைக் கவனிச்சுக் கவனிச்சுக் கத்துக்கிடும். யாரு மேல எறக்குனா சத்தம் வராதோ, பாத்து அவங்க மேல எறக்கும். வீடு அமைதியா இருக்கும். இதுவரைக்கும் வாங்கிட்டுப்போனவங்க ஒருத்தரும் கொறை சொன்னதில்ல. கொறை சொல்லுதவங்க மேல அது எறக்காதே."

தொம்மைக்குக் கண்ணாடிப் பெட்டி பிடித்திருந்தது. நீல விளக்கு அழகாக இருந்தது. "வாங்குனா அறிவுள்ளதா வாங்கணும். என்ன சொல்லுத பிரகாசி?"

"அதுதான் நம்ம வீட்டுல ஏற்கெனவே ஓடுதே," என்றாள் பிரகாசி. "இன்னொண்ணு எதுக்கு?"

தங்கத்துரை அண்ணாச்சி சட்டென்று திரும்பி அலமாரியைத் துடைக்கலானார். தூசி ஒன்றும் இல்லை.

தொம்மை நடுவிலிருந்ததை எடுத்தார். பணம் கொடுத்துவிட்டுக் கடைப்படியில் நின்று, "அண்ணாச்சி, முன்னாடியே ஏறினது?" என்று கேட்டார்.

"அது தன்னால எறங்காது. ஒரு வழி இருக்கு. காலி செல்லை எடுத்து ஆளுக்கு ஒரு முனையப் பிடிக்கணும். அவங்க விட்டா நீங்க வாங்கிக்கிடலாம். எல்லார்ட்டயும் சொல்லத்தான் செய்யுதேன். செஞ்சதா யாரும் வந்து சொன்னதில்ல."

வீட்டுக்கு வந்ததும் தொம்மை சன்னலோரம் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளைப் போட்டார். வெளியே உப்பளங்களின் மேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் படகொன்றைத் தலைக்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்துபோனான்.

"ஒங்களால ஆவாது. விடுங்க," என்றாள் பிரகாசி.

"குடுட்டி."

அவர் நீட்டிய காலி செல்லின் மறுமுனையை அவள் தொட்டாள். முதலில் தண்ணீர் டிரம்மின் கனம் அவர் மேல் வந்தது. தளும்பிக்கொண்டு வந்தது, அதனால் அடையாளம் தெரிந்தது. பிறகு அரிசி மூட்டைகள், வரிசையாக. தொம்மையின் அம்மா படுத்திருந்த கட்டில், வெற்றிலை வாசனையோடு. பிறகு பீரோ. ஒரு பீரோ அல்ல. ஒவ்வொரு காலையும் ஒரு பீரோ, விசில் சத்தத்தோடு. தொம்மையின் தோள் இறங்கியது. நாற்காலி முனகியது. எதிரே பிரகாசியின் சேலைத் தலைப்பு காற்றில்லாமலே லேசாக எழும்பி, அலையில் பாசி ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

"போதும்," என்றாள்.

"இன்னும் இருக்குல்லா. வரட்டும்."

அடுத்து வந்தது பொருள் மாதிரி இல்லை. வெதுவெதுவென்று இருந்தது. இடப்பக்கம் சாய்ந்தே வந்தது. உள்ளே மூச்சு ஏறி இறங்கியது, லேசான குறட்டையோடு.

"இது யாரு?"

பிரகாசி சன்னலைப் பார்த்தாள். "நீங்கதான்."

"நானா?"

"விசக்காய்ச்சல்ல கெடந்தீங்களே, அன்னைக்கு. ஆசுபத்திரி வண்டிப் பையனுவ மேல வர மாட்டேன்னுட்டானுவ. உசுருள்ள ஒடம்புல செல் மாட்டக்கூடாதுன்னு சட்டம். மாட்டினேன். தோள்ல போட்டுக் கீழ கொண்டுபோனேன். பெறவு அந்தச் செல்லையும் நான்தானே சார்ஜ் போட்டேன்."

"நான் தன்னால எறங்கி வந்தேன்னுல்லா…"

"அப்படித்தான் துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. நூத்திநாலு காய்ச்சல்ல நாலு மாடி நடந்தே எறங்கினேன்னு. சந்தோசமா இருந்தீங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

தொம்மை செல்லைப் பிடித்த விரலை எடுக்காமல் இருந்தார்.

"இது இருக்கட்டும்," என்றாள் பிரகாசி. "பழகிப்போச்சு."

"எனக்கு வேணும்."

"கனக்குங்க."

"கனக்கட்டும். என்னோடதுல்லா."

அவள் நெடுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். கதவைத் தட்டியிருப்பது தெரிந்தவரா தெரியாதவரா என்று பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையும் அவரிடம் விட்டாள்.

கனம் ஏறியதில் கண்ணை மூடிக்கொண்ட தொம்மை, திறந்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. மொட்டைமாடிப் படியில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டு படிக்கு ஒரு சத்தம், மூன்று படிக்கு ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். தன் காலுக்கடியில் தரை இருப்பதை ரொம்ப வருசத்துக்குப் பிறகு உணர்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். ஒரு படி, ஒரு மூச்சு. மாடி வளைவில், பிரிட்ஜை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு எதிர்வீட்டு கஸ்பார் இறங்கி வந்தார். தொம்மையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னவே, வெறுங்கையோட போறீரு, இப்படி மூச்சு வாங்குது? அப்படி எதைத் தூக்கிட்டுப் போறீரு?"

"என்னையத்தான்," என்றார் தொம்மை. கஸ்பாருக்குச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேலே மொட்டைமாடி வாசலில் பிரகாசியின் தலை தெரிந்தது. வானத்துக்கு முன்னால் அவள் முடி கலைந்து பறந்துகொண்டிருந்தது. இறங்கி வந்து கைகொடுப்பாள் என்று தொம்மை ஒரு கணம் பார்த்தார். அவள் வரவில்லை. சிரித்தாள்.

"மெல்ல வாங்க," என்றாள். "வெளிச்சம் இன்னும் இருக்கு."